பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் இரவு: மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், தாளாளர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு மற்றும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேறொரு கால அட்டவணை வந்துவிடுகிறது. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, இடையில் ஸ்லிப் டெஸ்ட், அடுத்தடுத்துத் திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, பிறகு மார்ச்சில் பொதுத்தேர்வு. பிள்ளைகள் எப்போது எதைப் படிக்க வேண்டும் என்பது அந்த அட்டவணையில் மணிக்கணக்கில் இருக்கும். எப்போது தூங்க வேண்டும் என்பது எங்கும் இருக்காது. அதையும் எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான் என்பதைச் சொல்லவே இந்த மடல். பள்ளிப் பிள்ளைகளின் தூக்கம், தேர்வுப் பதற்றம் குறித்துப் பணியாற்றும் ஆலோசகர்களும் செவிலியர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

"எந்நேரமும் போனும் கையுமாகவே இருக்கிறான்" என்பது பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் எழும் புகார். புகார் உண்மைதான். அந்தப் போனில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரவு 9.30-க்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த வேதியியல் ஒரு மதிப்பெண் வினாத் தொகுப்பு, நாளைய ஸ்லிப் டெஸ்ட் எந்தப் பாடத்தில் என்ற அறிவிப்பு, இயற்பியல் டெரிவேஷனுக்கு ஒரு யூடியூப் இணைப்பு. அதைத் திறக்கப் போன பிள்ளை அரை மணி நேரம் கழித்து ரீல்ஸில் இருக்கும். பாடத்தைப் போன் வழியாக அனுப்பிவிட்டு, போனைத் தொடாதே என்று சொன்னால் எந்தப் பிள்ளையாலும் அதைக் கடைப்பிடிக்க முடியாது. முதலில் பள்ளி போனை விட்டு வெளியே வரட்டும்.

ஒரு நாளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலைச் சிறப்பு வகுப்பு 8 மணிக்கு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்ப் பிள்ளை 6.45 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்கு 5.30-க்கு எழ வேண்டும். மாலைச் சிறப்பு வகுப்பு 6 மணிக்கு முடிந்தால் வீடு சேர 7.15 ஆகும். குளித்துச் சாப்பிட 8.15. பெண் பிள்ளையாக இருந்தால் பாத்திரம், தண்ணீர், தம்பி தங்கையின் வீட்டுப்பாடம் என்று இன்னும் ஒரு மணி நேரம் கரையும். குழுவில் வந்ததை நோட்டில் எழுதி முடிக்க 11 மணி. தூக்கம் பிடிக்க 11.30. மறுபடியும் 5.30-க்கு அலாரம். கையில் கிடைப்பது ஆறு மணி நேரம். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. குறைந்த அளவான 8 மணி நேரத்தையே எடுத்துக்கொண்டாலும், 5.30-க்கு எழும் பிள்ளை 9.30-க்குத் தூங்கியிருக்க வேண்டும். நீங்கள் வினாத் தொகுப்பு அனுப்பும் நேரம் அதுதான்.

ஆறு நாள்களில் 12 மணி நேரம் கடனாகிறது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூங்கினாலும் அந்தக் கடன் தீராது. மாறாக, ஞாயிறு இரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போய், திங்கட்கிழமை முதல் வகுப்பிலேயே கண் சொருகும்.

மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தாலும் இது நட்டம்தான். பகலில் படித்தது நிலையான நினைவாக மாறும் வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில் நடக்கிறது. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் மிகுதி. கனவுகள் வரும் தூக்கம் விடியலை நெருங்க நெருங்கக் கூடும். 11.30-க்குப் படுத்து, படிப்பதற்காக 4 மணிக்கே எழுப்பப்படும் பிள்ளை இரண்டாவது வகையின் பெரும்பகுதியை இழக்கிறது. சிடுசிடுப்பு, சின்னச் சொல்லுக்கும் அழுகை, தெரிந்த கணக்கிலேயே கூட்டல் பிழை என்று பகலில் அது வெளிப்படும். "அதிகாலையில் படித்தால் மனதில் நிற்கும்" என்று நம் வீடுகளில் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் அது இரவு 8.30, 9 மணிக்கே விளக்கணைத்த வீடுகளில் பிறந்த வழக்கம். 9-க்குத் தூங்கி 5-க்கு எழுந்தால் எட்டு மணி நேரம் முழுதாகக் கிடைத்துவிடும். பின்னிரவுப் படிப்பையும் அதிகாலைப் படிப்பையும் ஒரே பிள்ளையின் தலையில் ஏற்றும்போதுதான் கெடுகிறது.

பதின்ம வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பின்தள்ளிப் போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் சுரப்பு சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தொடங்குவதைவிட இவர்களுக்குத் தாமதமாகத் தொடங்கும். காலையில் எழ முடியாமல் புரள்வதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014-இல் கேட்டுக்கொண்டதற்கும், கலிபோர்னியா மாநிலம் 2022-இல் அதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: காலை, மாலைச் சிறப்பு வகுப்புகளில் ஒன்றை மட்டும் வையுங்கள். எதை விடுவது என்று கேட்டால் காலை வகுப்பை விடுங்கள் என்போம். மாலை வகுப்பும் 5.30-க்குள் முடியட்டும். "மெல்லக் கற்போருக்கு மட்டும்" என்று சொல்லி இரண்டையும் அவர்களுக்கு வைக்கும் பள்ளிகள் உண்டு. தூக்கம் குறைந்தால் முதலில் அடிபடுவது கவனம். கவனம் சிதறும் பிள்ளையின் தூக்கத்தில் கை வைத்துவிட்டு அதே பிள்ளையிடம் கூடுதல் கவனத்தை எதிர்பார்க்க முடியாது.

வாட்ஸ்அப் குழுவுக்கு வருவோம். இரவு 7 மணிக்கு மேல் எதுவும் அனுப்பக் கூடாது என்று சில பள்ளிகள் விதி வைத்துப் பார்த்து, அது பலிக்காமல் கைவிட்டன. பலிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றே ஒன்றுதான். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அவர் வீடு திரும்ப 8.30, 9 ஆகும். நீங்கள் மாலை 5 மணிக்கே அனுப்பினாலும் அந்தப் பிள்ளைக்கு அது 9 மணிக்குத்தான் வந்து சேரும். எனவே நேரக் கட்டுப்பாடு மட்டும் போதாது. போனில் மட்டுமே கிடைக்கும் பாடப் பொருள் என்று ஒன்று இருக்கவே கூடாது.

அதற்கான வேலை பெரிதல்ல. நாளைய ஸ்லிப் டெஸ்ட் பகுதியைக் கடைசி வகுப்புக்கு முன் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, பிள்ளைகள் டைரியில் குறித்துக்கொள்ள 5 நிமிடம் கொடுங்கள். வினாத் தொகுப்பை நாளுக்கு ஒன்றாக அனுப்பாமல் வாரத்துக்கு ஒரே தாளாக, இரண்டு பக்கமும் அச்சிட்டு, திங்கட்கிழமை காலையிலேயே கொடுங்கள். நகல் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்க முடியும். முடியாத இடத்தில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு தாள் போதும். காணொலி காட்ட வேண்டுமானால் ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளில் மாலை 4.30 முதல் 5.15 வரை அதைத் திறந்துவைத்து எல்லோருக்கும் ஒன்றாகக் காட்டலாம். சந்தேகங்களுக்குப் பாடத்துக்கு ஒரு நோட்டை ஆசிரியர் மேசையில் வைத்துவிடுங்கள். இரவில் தோன்றிய கேள்வியைப் பிள்ளை காலையில் வந்து அதில் எழுதட்டும். வகுப்பின் முதல் 10 நிமிடம் அந்தக் கேள்விகளுக்கு. இரவு 10 மணிக்கு ஆசிரியருக்குக் குரல்பதிவு அனுப்பிவிட்டு, நீல டிக் வந்ததா என்று பார்த்துப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பது இதனால் நிற்கும். ஆசிரியர்களின் இரவும் மிஞ்சும். எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளத்தில் பதிவேற்றங்களை முடித்துவிட்டுக் குழுவுக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களிடம் மறுநாள் காலையில் பொறுமையை எதிர்பார்ப்பது எப்படி?

குழுவைக் கலைக்க வேண்டியதில்லை. "அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்ற அமைப்புக்கு மாற்றி, மாலை 6-க்குப் பிறகு யாரும் அனுப்புவதில்லை என்று முடிவெடுங்கள். விடுமுறை போன்ற அவசரத் தகவலைப் பெற்றோருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். சாதாரண பட்டன் போனுக்கும் அது போய்ச் சேரும்.

பகலில் பறிபோகும் ஓய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி பிறந்ததும் பி.டி. பீரியட் கணக்கு ஆசிரியருக்குப் போய்விடுகிறது. மதிய உணவு இடைவேளையின் பாதியை ஸ்லிப் டெஸ்ட் எடுத்துக்கொள்கிறது. ஓடி வியர்த்த உடம்புக்கு இரவில் தூக்கம் விரைவில் வரும். பகல் முழுக்க பெஞ்சில் மடங்கிக் கிடந்த உடம்புக்கு வராது. வாரத்தில் இரண்டு பி.டி. பீரியடாவது தேர்வு வரை தொடரட்டும். த்ரோபால், கோகோ, ஒன்றுமில்லாவிட்டால் மைதானத்தைச் சுற்றி 20 நிமிட நடை. மதிய இடைவேளையில் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடமாவது மேசையில் தலை சாய்க்க விடுங்கள். விளக்கை அணைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, மணி அடித்து எழுப்பினால் போதும். 20 நிமிடத்துக்குள் எழுந்தால் தெளிவு கிடைக்கும். 40, 50 நிமிடம் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுப்ப வேண்டிவரும். தலை கனத்து, அடுத்த பீரியட் வீணாகும்.

மாலை ஸ்டடியில் 6 மணிக்கு டீ கொடுக்கும் பள்ளிகள், முக்கியமாக விடுதிப் பள்ளிகள், அதை நிறுத்த வேண்டும். குடித்த காஃபினில் பாதியளவு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். 6 மணி டீ 11 மணிக்கும் வேலை செய்கிறது. 4 மணியோடு டீ, காபி முடியட்டும். அதற்குப் பிறகு சுண்டலும் மோரும் கொடுங்கள். விடுதிகளில் இன்னொன்று: இரவு ஸ்டடி எத்தனை மணிக்கு முடிந்தாலும் விடியல் மணி மட்டும் அதே நேரத்தில் அடிக்கிறது. விளக்கணைப்புக்கும் விடியல் மணிக்கும் இடையே 8 மணி நேரம் இருக்கிறதா என்று இன்றே அட்டவணையை எடுத்துப் பாருங்கள்.

இனி வீட்டில் நடக்க வேண்டியவை. பெற்றோர் கூட்டத்தில் இவற்றைப் படித்துக் காட்டுங்கள்.

தேர்வு நெருங்கியதும் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டும் வீடுகள் நிறைய. பெரும்பாலும் அது பலிப்பதில்லை. பிள்ளை நண்பரின் போனைத் தேடும், அல்லது நள்ளிரவில் வீட்டார் தூங்கியதும் எடுக்கும். தூக்கம் முன்பைவிடக் கெடும். பிடுங்குவதைவிடப் போனுக்கு ஓர் இடம் ஒதுக்குவது நல்லது. கூடத்தில் ஒரே ஒரு சார்ஜ் போடும் இடம். இரவு 9 மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் அங்கே. அப்பா, அம்மாவின் போனும்தான். அப்பா பக்கத்து அறையில் காணொலி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் இந்த விதி இரண்டு நாள் தாங்காது. போன் செய்துவந்த சின்ன வேலைகளுக்கும் மாற்று வேண்டும். இல்லையென்றால் "அலாரத்துக்குத்தான்", "கரண்ட் போனால் டார்ச்சுக்குத்தான்" என்று திரும்ப அறைக்குள் வந்துவிடும். ஒரு அலாரம் கடிகாரம், ஒரு டார்ச், ஒரு தமிழ் ஆங்கில அகராதி வாங்கிவையுங்கள்.

திரையை மஞ்சளாக்கும் நைட் மோடு போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். திரையின் ஒளி தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அதைவிட அதிகமாகத் தள்ளிப்போடுவது அடுத்து என்ன வரும் என்ற ஆவலும், யார் எவ்வளவு படித்து முடித்தார்கள் என்ற ஒப்பீடும். திரை மஞ்சளானாலும் அவை போகாது.

படுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தை இப்படி அமைக்கலாம். புத்தகத்தை மூடியதும் ஒரு தாளில் நாளை செய்ய வேண்டியவற்றை 5 நிமிடம் எழுத வேண்டும். "கணிதம் படிக்கணும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், "வகைநுண்கணிதம், பயிற்சியின் கடைசி நான்கு கணக்கு" என்று பிரித்து எழுத வேண்டும். இதை அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். படுக்கும் முன் நாளைய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு விரைவாக. எழுதிய தாளைப் புத்தகப் பைக்குள் வைத்துவிட வேண்டும். அடுத்து, மார்ச் மாதப் புழுக்கத்துக்கு வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில் ஒரு குளியல். உடல் வெப்பம் இறங்கும்போதுதான் தூக்கம் வரும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அது உடம்பை உலுக்கி விழிக்க வைக்கும். பிறகு படுத்தபடி மூச்சு: 4 எண்ணும் வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும், ஐந்து நிமிடம். தலை கிறுகிறுத்தால் மிக ஆழமாக இழுக்கிறார்கள் என்று பொருள். அளவாக இழுத்தால் சரியாகிவிடும். தோளும் கழுத்தும் இறுகியிருந்தால், பாதத்தில் தொடங்கி முகம் வரை ஒவ்வொரு பகுதியையும் 5 நொடி இறுக்கி 15 நொடி தளர விடலாம். பிடிப்பு வரும் இடத்தில் இறுக்க வேண்டாம்.

இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையிலேயே கிடந்து போராடக் கூடாது. எழுந்து, மங்கிய விளக்கில் தரையில் உட்கார்ந்து, பாடம் அல்லாத எதையாவது வாசித்துவிட்டு, கண் அசரும்போது திரும்பிப் படுக்க வேண்டும். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். "இன்னும் நாலு மணி நேரந்தான் இருக்கு" என்ற கணக்கே தூக்கத்தை விரட்டும். இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்: தேர்வுக்கு முந்தைய ஓர் இரவு தூக்கம் குறைந்தால் எதுவும் மூழ்கிவிடாது. மறுநாளின் பரபரப்பே மூன்று மணி நேரத்தைத் தாங்கிவிடும். கெடுதல் செய்வது வாரக்கணக்கில் குறையும் தூக்கம். இது தெரியாததால்தான் பல பிள்ளைகள் அந்த ஓரிரவில் தூங்காததை நினைத்தே நடுங்குகிறார்கள்.

தேர்வு நாள்களைப் பற்றிச் சில. தேர்வுக்கு முந்தைய இரவில் "வினாத்தாள் வெளியானது" என்று ஒரு படம் எல்லாக் குழுக்களிலும் சுற்றும். அதைப் பார்க்காத பிள்ளைகூட, பார்க்கவில்லையே என்று பதறும். முதல் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே, "இப்படிப்பட்ட செய்தி வரும், திறக்க வேண்டாம், அனுப்ப வேண்டாம்" என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். காலை 10 மணிக்கு வினாத்தாளை வாசிக்க 10 நிமிடமும், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடமும் கொடுத்து 10.15-க்குத்தான் எழுதத் தொடங்குகிறார்கள். அந்த 15 நிமிடத்தில் முதல் ஒரு நிமிடம் மேலே சொன்ன மூச்சுப் பயிற்சிக்கு என்று திருப்புதல் தேர்வுகளிலேயே பழக்கிவிடலாம். பழகாததை அன்றைக்கு முதன்முதலாகச் செய்யச் சொன்னால் பலிக்காது.

1.15-க்கு வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிடுவது தொடங்கும். மாலைக்குள் விடைக்குறிப்பு குழுக்களில் வந்துவிடும். போன தேர்வில் விட்ட இரண்டு மதிப்பெண்ணுக்காக அடுத்த தேர்வுக்கான மாலை அழிகிறது. உங்கள் பள்ளி ஆசிரியர்கள் கடைசித் தேர்வு முடியும் வரை விடைக்குறிப்பு எதையும் வெளியிட வேண்டாம். வீடு திரும்பிய பிள்ளை சாப்பிட்டு அரை மணி நேரம் தூங்கலாம். மூன்று மணிக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தால் அன்றைய இரவு போய்விடும்.

தேர்வு முடிவில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் அந்தப் பட்டியல் இப்போது பள்ளி வாசல் பேனரிலும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இருக்கிறது. மதிப்பெண் பிள்ளையின் பதிவு செய்த எண்ணுக்கே குறுஞ்செய்தியாக வருகிறது. முதல் மூன்று நாளாவது படங்களும் பேனர்களும் வேண்டாம்.

ஓய்வால் மட்டும் சரியாகாத நிலையும் உண்டு. இரண்டு வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் சரியாக இல்லாத பிள்ளை, யாரோடும் பேசாமல் ஒதுங்கும் பிள்ளை, தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடும் பிள்ளை, "நான் இல்லாட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற பிள்ளை. இவர்களுக்கு அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள். தனியாக விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து, சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104 ஆகியவற்றில் எந்நேரமும் பேசலாம். அந்த எண்களை அலுவலக அறைக்குள் ஒட்டாமல் தண்ணீர்க் குழாய்க்கு அருகிலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டுங்கள். யாரும் பார்க்காத இடத்தில்தான் பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்க ஒரு தீர்மான வரைவு கீழே உள்ளது. உங்கள் ஊர்ப் பஸ் நேரத்துக்கேற்ப மணிகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

"பன்னிரண்டாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு மாலையில் மட்டும், 5.30-க்கு முடியும். பாடக் குறிப்பு எதுவும் போன் வழியாக மட்டும் வழங்கப்படாது. மாலை 6 முதல் மறுநாள் காலை 7 வரை வகுப்புக் குழுவில் செய்தி அனுப்பப்படாது. வாரம் இரண்டு உடற்கல்விப் பாடவேளை வேறு பாடத்துக்கு மாற்றப்படாது. பொதுத்தேர்வு முடியும் வரை பள்ளியின் சார்பில் விடைக்குறிப்பு வெளியிடப்படாது. இவை நடக்கின்றனவா என்று பார்க்கப் பெற்றோர் இருவரும் மாணவர் இருவரும் மாதம் ஒருமுறை தலைமை ஆசிரியரைச் சந்திப்பார்கள்."

அந்த மாணவர் இருவரில் ஒருவர் பள்ளியிலிருந்து மிகத் தொலைவான ஊரிலிருந்து வருபவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பள்ளிப் பிள்ளைகளின் தூக்கம், மனநலம் குறித்துப் பணியாற்றும் ஆலோசகர்கள், செவிலியர்கள்